ஸ்போர்ட்ஸ் கார் இருக்கைக்குச் செயற்கை ஸ்வேடா, தோலா? டெல்டாப் பகுதி அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் கார் குஷன் வேலை செய்யும் எங்கள் பட்டறைக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும், சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவர் ஓட்டிய காரை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களுள் மிகுதி. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும், நாங்கள் துணியையும் தோலையும் வெட்டித் தைத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் 3 வாரம் பூட்டிக் கிடக்கப்போகும் ஷெட்டை மனத்தில் வைத்தே இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்தவை.

செயற்கை ஸ்வேட் என்றால் என்ன? அல்காண்டாரா என்பதும் அதுவும் ஒன்றுதானா?

தோலின் உட்புறத்தைத் தேய்த்துப் பஞ்சு போன்ற மென்மயிர் எழச் செய்தால் கிடைப்பது உண்மையான ஸ்வேட். செயற்கை ஸ்வேடில் தோல் சிறிதும் கிடையாது. 1970ஆம் ஆண்டில் ஜப்பானின் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ என்ற அறிவியலாளர் இதை உருவாக்கினார். 1972இல் டோரே நிறுவனமும் இத்தாலிய நிறுவனம் ஒன்றும் சேர்ந்து இத்தாலியில் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் தயாரிப்புப் பெயர்தான் அல்காண்டாரா. இத்தாலியின் உம்ப்ரியா வட்டாரத்தில் நேரா மோண்டோரோ என்னும் ஊரில் அதன் ஆலை இருக்கிறது. அதில் ஏறத்தாழ 68 விழுக்காடு பாலியெஸ்டர் இழையும் 32 விழுக்காடு பாலியூரித்தேனும் உள்ளன.

அந்த இழை உருவாகும் விதத்தை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். கொள்ளிடத்தில் வெள்ளம் சூழ்ந்து நிற்கும் திட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலுக்குள் பாலியெஸ்டர் இழைகள் பல திட்டுகளாக நிற்க, அவற்றைச் சுற்றி வேறொரு பொருள் வெள்ளம் போல நிறைந்திருக்கும்படி நூலை இழுக்கிறார்கள். பிறகு அந்தச் சுற்றுப்பொருளை மட்டும் கரைத்து வெளியேற்றினால், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் மட்டும் எஞ்சுகின்றன. கையை ஒரு பக்கம் தடவினால் நிறம் ஆழ்ந்தும் எதிர்ப்பக்கம் தடவினால் வெளிறியும் தெரிவதற்கு இந்த மென்மையே காரணம்.

நகல் எடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியது போல, இந்த வகைத் துணி எல்லாவற்றையும் அல்காண்டாரா என்று சொல்லும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. இத்தாலியின் மிகோ நிறுவனம் தயாரிக்கும் டினாமிகா இதே இனத்தைச் சேர்ந்தது. போர்ஷே நிறுவனம் தன் கார்களில் போடும் இதே போன்ற நுண்ணிழைத் துணியை ரேஸ்-டெக்ஸ் என்று அழைக்கிறது. இவை எல்லாம் நல்ல பொருள்கள். ஆனால் சந்தையில் ஸ்வேட் என்ற பெயரில் விற்கும் மலிவான பின்னல் துணியும் இருக்கிறது. துணியைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். சாதாரண பனியன் துணியில் தெரிவது போன்ற பின்னல் கண்கள் தெரிந்தால், அது சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் உகந்தது. கார் இருக்கையில் போட்டால், ஏறி இறங்கும் இடத்தில் மிக விரைவில் உருண்டை உருண்டையாகத் திரளும்.

தோல் என்று விற்கப்படுவது எல்லாம் தோல்தானா?

இல்லை. நம் பகுதியில் 'லெதர் சீட் கவர்' என்று போர்டில் எழுதி விற்கப்படுவதில் பெரும்பகுதி ரெக்சின்தான். ரெக்சின் தரக்குறைவான பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. வாடகைக் காருக்கும் பள்ளி வேனுக்கும் அதுவே சரியானது. ஆனால் தோலின் விலையைக் கொடுத்துவிட்டு ரெக்சினை வாங்கிச் செல்பவரைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சினால் தோல், உறிஞ்சாவிட்டால் ரெக்சின் என்று சிலர் சொல்லும் சோதனையை நம்ப வேண்டாம். கார்களுக்கான தோலின் மேல் நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருப்பதால், நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. வெட்டிய ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். தோலின் பின்புறத்தில் ஒழுங்கில்லாத நார்கள் தெரியும். ரெக்சினின் பின்புறத்தில் துணி தெரியும். கடைக்காரர் ஒரு துண்டு தர இசைந்தால், அதன் ஓரத்தைத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் தோல். உருகிச் சொட்டிப் பிளாஸ்டிக் வாடை வந்தால் ரெக்சின். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும், ஒரு தோலின் வடிவம் மாட்டின் உடல்வாகில் ஒழுங்கற்று இருக்கும். சுருளாக மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார் என்றால் அது தோல் அன்று என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டெல்டாவின் மழைக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும்?

இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுவே. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் காலத்தில், சுற்றிலும் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்க, காற்றில் ஈரம் நாள்கணக்கில் இறங்காது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். ஸ்போர்ட்ஸ் காரை அந்த மாதங்களில் யாரும் அதிகம் வெளியே எடுப்பதில்லை. தரையோடு தாழ்ந்த கார், தேங்கிய தண்ணீர், குழியான சாலை என்று அஞ்சி உறை போட்டு மூடிவிடுகிறார்கள். கெடுதல் அந்த உறைக்குள்தான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில் இரண்டு இருக்கைக் கார் ஒன்றின் கதவை எங்கள் பட்டறையில் திறந்தபோது, முதலில் வந்தது மண்பானையின் அடியில் இருக்கும் மக்கிய வாடை. கறுப்புத் தோல் இருக்கையில், ஓரத்தில் கயிறு போலப் புடைத்து நிற்கும் பைப்பிங் ஓடும் தையலை ஒட்டி, சாம்பலும் பச்சையும் கலந்த புள்ளிகள், மாவு தெளித்தது போல வரிசையாக இருந்தன. முதுகு படும் இடத்தில் அவை அடர்ந்தும், யாரும் உட்காராத பக்கத்து இருக்கையில் ஐந்தாறு மட்டுமாகவும் இருந்தன. காரணம் தெளிவானது. தோலைப் பதப்படுத்தும்போது மென்மைக்காக அதற்குக் கொழுப்பு எண்ணெய் ஊட்டப்படுகிறது. அதோடு ஓட்டுநரின் வியர்வையும் சேர்ந்தால், பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும்.

செயற்கை ஸ்வேடின் இழை பூஞ்சைக்கு உணவாவதில்லை. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ஸ்வேட் முந்துகிறது. ஆனால் 'ஸ்வேட் போட்டால் பூஞ்சையே வராது' என்று சொன்னால் அது பொய். மென்மயிருக்கு இடையில் தங்கும் தூசு, வியர்வை, தலை எண்ணெய் ஆகியவற்றின் மேல் பூஞ்சை வரும். தோலில் வந்ததைத் துடைத்து எடுக்கலாம், ஸ்வேடில் வந்ததை மயிர்க்கால்களுக்கு இடையிலிருந்து எடுக்க வேண்டும். எனவே சுத்தமாக வைத்துக்கொள்பவருக்கு ஸ்வேட் நல்லது. மாதக்கணக்கில் தொடாமல் விடுபவருக்கு இரண்டுமே கெடும்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது காரை எடுத்து, ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சிறிது தூரம் போய் வாருங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். மழை விட்ட பிற்பகலில் நிழலில் கதவுகளைத் திறந்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை இருக்கைக்கு அடியில் வைத்து, அவை ஈரம் உண்டதும் காயவைத்து மீண்டும் வையுங்கள். நனைந்த காரின் மேல் உறையைப் போடவே கூடாது. பூஞ்சை வந்துவிட்டால் காரை வெளியே நிறுத்தி, முகக்கவசம் அணிந்து துடையுங்கள். வீட்டுக்குள் நிறுத்தித் துடைத்தால் அதன் தூள் வீடு முழுவதும் பரவும்.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு?

அக்னி நட்சத்திரக் காலத்தில் வெளியில் வெப்பம் 40 பாகையை நெருங்கும்போது, வெயிலில் நின்ற காரின் கறுப்பு இருக்கை 60 பாகையையும் தாண்டிச் சூடாகும். அதே சூட்டில் உள்ள ஸ்வேட் அவ்வளவு சுடுவதில்லை. மென்மயிரின் இடையே நிற்கும் காற்று சூட்டை உடனே உடலுக்குக் கடத்தாது என்பதே காரணம். தோலோ முழுப் பரப்பும் உடலோடு ஒட்டிச் சூட்டை ஒரே கணத்தில் கொடுக்கும். மறுபுறம், தோலில் துளையிட்டு உள்ளிருந்து காற்று ஊதும் வசதி காரில் இருந்தால், கோடையில் அதற்கு ஈடு இல்லை. வெயிலில் தோல் நாளடைவில் வறண்டு வெடிக்கும், ஸ்வேட் நிறம் வெளிறும். இரண்டுக்கும் மருந்து நிழல் ஒன்றே. முன் கண்ணாடித் தடுப்பைக் காரை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் போடுங்கள்.

வேகமாகத் திரும்பும்போது உடலைப் பிடித்து நிறுத்துவது எது?

ஸ்வேட். பந்தயக் கார்களிலும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இது இடம்பிடித்ததற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம். வளைவில் கார் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. பூச்சு பளபளக்கும் தோலில் உட்கார்ந்தவர் வழுக்காமல் இருக்கக் காலையும் தோளையும் ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கும், ஸ்டீயரிங்கையே பிடிமானமாக இழுப்பார். ஸ்வேடில் உட்கார்ந்தவரை இருக்கையே பிடித்துக்கொள்வதால் கைகள் ஓட்டும் வேலையை மட்டும் பார்க்கும். தோலைவிட எடையும் குறைவு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் காரை எடுத்துச் செல்லும் அன்பர்களுக்கு நாங்கள் தயங்காமல் ஸ்வேடையே சொல்கிறோம்.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டிக் கல்யாணத்துக்குப் போய் வருபவருக்கு இந்தப் பிடிமானம் வேறு விதமாகத் தெரியும். பட்டு வேட்டியும் திருபுவனம் பட்டுச் சேலையும் ஸ்வேடில் நகராது. தாழ்ந்த காரில் இருந்து இறங்கும்போது உடம்பு வரும், சேலை பின்தங்கும். தோலில் எளிதாகச் சறுக்கி இறங்கலாம். வீட்டுப் பெண்கள் அடிக்கடி பயணிக்கும் கார் என்றால், முடிவு செய்வதற்கு முன் அவர்களை உட்காரவைத்து இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய், விபூதி, காபி, வாழைக்கறை ஆகியவை பட்டால்?

எந்தக் காரின் குறிப்பேட்டிலும் இந்த வரிசையில் கறைகள் இருக்காது. ஆனால் நம் வீட்டுக் காரில் விழுவது இவைதான்.

தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சாயும் இடத்தில் ஸ்வேட் வேண்டாம் என்பதே எங்கள் முதல் அறிவுரை. ஹெட்ரெஸ்டில் எண்ணெய் இறங்கி மென்மயிர் படிந்து பளபளப்பாகிவிட்டால், அதை முழுமையாக மீட்பது கடினம். புதிதாகப் பட்ட எண்ணெயைத் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, மறைவான இடத்தில் முதலில் சோதித்தபின், எத்தில் ஆல்கஹாலைச் சிறிதளவு துணியில் எடுத்து ஒற்றி, பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும். எப்போதும் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் ரூபாய் நாணயம் அளவுக் கறை சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிடும்.

விபூதி தூள்தான். உலர்ந்திருக்கும்போதே மென்மையான தூரிகையால் தட்டித் தூசு உறிஞ்சியால் இழுத்துவிட்டால் போய்விடும். ஈரத் துணியால் துடைக்கும் அவசரம்தான் அதைச் சேறாக்கி உள்ளே அமுக்குகிறது. குங்குமமும் அப்படியே. சந்தனம் ஈரமாக விழும், அதைக் காயவிட்டு உதிர்த்து எடுப்பதே மேல்.

சர்க்கரை போட்ட டிகிரி காபி சிந்தினால் அரை மணி நேரத்துக்குள் கவனியுங்கள். ஸ்வேடில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு ஒற்றி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்ற வேண்டும். இரவு முழுவதும் தானாகக் காயவிட்டு, காலையில் மென்தூரிகையால் மயிரை நிமிர்த்த வேண்டும். ஹேர் டிரையர் பிடிக்கக் கூடாது. தோலில் காபி சிந்தினால் துடைத்தால் போதும், ஆனால் தையல் கண்களுக்குள் இறங்கியதைப் பார்க்கத் தவறாதீர்கள். இருக்கைக்குள் பால் வாடை வருவது அங்கிருந்துதான்.

வாழைக்கறைக்கு மட்டும் எங்களிடம் மருந்து இல்லை. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரில், விசேஷத்துக்காக வாழையிலைக் கட்டைப் பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறார்கள். வெட்டிய காம்பிலிருந்து ஒழுகிய பால் தாளைத் தாண்டி வெளிர்சாம்பல் ஸ்வேடில் இறங்கியிருக்கிறது. விழுந்தபோது நிறமற்று இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் செம்பழுப்பு நிறத்தில் காம்புகளின் வட்ட அச்சு ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. காற்றுப் பட்டுக் கறுத்த அந்தக் கறை எதற்கும் அசையவில்லை, அந்தப் பகுதியைப் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்தோம். அடர்நிறத் தோலாக இருந்திருந்தால் உடனே துடைத்துத் தப்பியிருக்கலாம். இலைக்கட்டும் வாழைத்தாரும் போகும் காருக்கு வெளிர்நிற ஸ்வேட் பொருந்தாது.

தோல் பளபளப்பாக இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. மேற்பூச்சு அதை உள்ளே விடாது. மேலே நின்று தூசு பிடிக்கும், பிசுபிசுக்கும், சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சைக்கும் உணவாகும். பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டாம். தோலுக்கென்றே விற்கும் மென்மையான துப்புரவு நீர்மமும் மென்தூரிகையும் போதும்.

கடற்கரையை ஒட்டி இருக்கிறோம். ஏதாவது வேறுபாடு உண்டா?

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கத்தில் உப்புக்காற்று இருக்கையின் மேல்துணியைவிட அதன் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தையும் இருக்கை முன்பின் நகரும் தண்டவாளத்தையும் கொக்கிகளையும்தான் முதலில் தாக்குகிறது. துணியை மாற்றும்போது அவற்றையும் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூச்சு அடித்துத் தரச் சொல்லுங்கள். தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம், அது மக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலையே கேளுங்கள்.

காருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் எது பிழைக்கும்?

ஸ்வேட் காய்ந்து மீளும். தோலை வெயிலில் வைத்து வேகமாகக் காயவைத்தால் அது சுருங்கி அட்டையைப் போல விறைக்கும், எனவே நிழலில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். ஆனால் உண்மையான சிக்கல் அடியிலுள்ள ஃபோமில் இருக்கிறது. கையால் தொட்டால் மேலே காய்ந்தது போல இருக்கும், அடியில் வாரக்கணக்கில் வாய்க்கால் தண்ணீர் நிற்கும். இருக்கையைக் கழற்றி உறையைப் பிரிக்காமல் காயவைக்க முடியாது. கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அடியில் ஏர்பேக்கின் ஒயர்கள் போகின்றன.

எங்கள் வீட்டில் மாட்டுத்தோல் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

அந்த மறுப்பு மதிக்கத்தக்கது, அப்படிப்பட்ட வீடுகள் இங்கே நிறைய உண்டு. செயற்கை ஸ்வேடில் விலங்குப் பொருள் இல்லை, ஆகவே அது நேரான விடை. ஆனால் இருக்கை முழுவதும் ஸ்வேட் என்று எழுதியிருக்கும் காரிலும் ஸ்டீயரிங், கியர் உறை, கதவுக் கைப்பிடி ஆகியவை தோலாக இருப்பது வழக்கம். வாங்கும்போதே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சுற்றுச்சூழலை எண்ணிக் கேட்பவர்களும் உண்டு. ஸ்வேட் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதையும், அது உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பு வந்ததையும் தமிழ்நாட்டில் யாரும் மறக்க முடியாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு திருச்சி, திண்டுக்கல் பகுதியில் பதனிடப்படும் கிழக்கிந்தியத் தோலைப் போடலாமா என்று ஓர் அன்பர் ஆசையோடு கேட்டார். எங்களுக்கும் அந்தத் தோலின் மேல் மிகுந்த பற்று உண்டு. ஆனால் இத்தகைய பட்டைப் பதனத் தோல், குரோமிய உப்பால் பதனிடும் குரோம் பதனத் தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும், வெயிலில் கறுக்கும். பை, பெல்ட், செருப்பு ஆகியவற்றுக்கு அது சிறப்பு. வெயிலில் நிற்கும் கார் இருக்கைக்கு நாங்கள் அதைத் தைத்துத் தருவதில்லை.

பழைய காரை வாங்கும்போது இருக்கையில் எங்கே பார்க்க வேண்டும்?

ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கம் உயர்ந்து நிற்கும் மேட்டைப் பாருங்கள். தாழ்ந்த காரில் ஏறுபவர் ஒவ்வொரு முறையும் அதன் மேல் தேய்ந்துதான் உள்ளே இறங்குகிறார். தோலில் அந்த இடம் பூச்சு உதிர்ந்து மயிரிழை வெடிப்பாகத் தொடங்கும். ஸ்வேடில் முதலில் வழுக்கையாகும், பிறகு துணியின் அடிப்பகுதியே தெரியும். மேல்துணி கெட்டிருப்பதோடு மேடு கையால் அழுத்தும்போது தளர்ந்தும் இருந்தால் ஃபோமும் போய்விட்டது, செலவைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துத் தைக்க முடியுமா?

முடியும், டெல்டாவில் ஓடும் காருக்கு எங்கள் விருப்பமான விடையும் அதுவே. உட்காரும் நடுப்பகுதிக்கும் முதுகு சாயும் நடுப்பகுதிக்கும் அடர்நிற ஸ்வேட், பக்க மேடுகளுக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் தோல். பிடிமானம் வேண்டிய இடத்தில் ஸ்வேடும், தேய்மானமும் எண்ணெயும் விழும் இடத்தில் துடைக்கக்கூடிய தோலும் அமைகின்றன. பல கார் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே இப்படித் தைத்துத் தருவதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சிறு பட்டை இருந்தால், விபத்தின்போது அந்தப் பக்கத் தையல் பிரிந்துதான் ஏர்பேக் வெளியே வர வேண்டும். அந்தத் தையலுக்கென்று தனி நூலும் தனிக் கணக்கும் உண்டு. சாதாரண நூலால் இறுக்கித் தைப்பதும், மேலே இன்னோர் உறையை மாட்டுவதும் உயிருக்கு ஆபத்து. அதற்கான நூலும் பயிற்சியும் இல்லாத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தப் பகுதியைத் தொடவிடாதீர்கள். எங்களிடம் வரும் அத்தகைய கார்களில் அந்தப் பக்கத்தைத் தொழிற்சாலைத் தையலோடு அப்படியே விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டுமே மாற்றித் தருகிறோம்.

ஸ்டீயரிங்குக்கும் ஸ்வேட் போடலாமா?

கையில் வியர்வை மிகுந்தவர் என்றால் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்வேட் ஸ்டீயரிங் ஒரே கோடையில் படிந்து கறுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆசைப்பட்டுப் போட்டவர்கள், கையைக் கழுவித் துடைத்த பின்பே பிடிப்பதும், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ஒற்றி மென்தூரிகையால் நிமிர்த்துவதும் என்று பழகிக்கொள்ள வேண்டும். கைக்கு மோதிரம் போட்டிருந்தால் அதன் கல் இழையைப் பிடித்து இழுக்கும், ஓட்டும்போது கழற்றி வையுங்கள்.